மூன்று உண்மை வசனங்கள்

நல்ல வசனம் ஒன்றை எழுதி முடித்தால் எனக்குப் பசிக்கும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். பரீட்சை மண்டபத்தில் கட்டுரையின் கடைசி முற்றுப்புள்ளியை வைத்ததும் வயிறு சத்தம் போடும், பக்கத்து மேசைக்காரி சிரிப்பாள். அந்த விளக்கத்தை எழுதிய நாளில் என்ன மனநிலையில் இருந்தீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். கோபமா, கவலையா என்று கேட்டீர்கள். பசி. எழுதிக் கொடுத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி, சந்திக் கடையில் ரொட்டியும் மாசிச் சம்பலும் வாங்கினேன். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் ஒன்று வந்து, ரொட்டி சுற்றிய கடதாசியை இழுத்தது. பாதி ரொட்டியை அதற்குக் கொடுத்தேன்.

நேற்று நீங்கள் கேட்கக் கேட்க நான் பதில் சொன்னதால் விஷயம் முன்னும் பின்னுமாகிவிட்டது. இன்று என் வாக்குமூலத்தை நானே ஒழுங்காகச் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வேகமாகச் சொன்னால் மறியுங்கள்.

என் பெயர் பூரணி. பாலையூற்றில் தனியாக இருக்கிறேன். முன்பு ஒரு நிவாரண நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனங்கள் முகாம்களில் இருந்த காலம் அது. ஆங்கிலத்தில் வந்த அறிவித்தல் ஒன்றை என்னோடு வேலை செய்த ஒருவர், "மக்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பலாம்" என்று தமிழாக்கினார். திரும்பக்கூடும், இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் மூலத்தில் இருந்த கருத்து. சனங்கள் அதை அனுமதி என்று வாசித்தார்கள். விடிந்ததும் சட்டி பானைகளையும் கோழிகளையும் உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு போய், பாதி வழியில் மறிக்கப்பட்டு, பின்னேரம் வரை வெயிலில் நின்றார்கள். எல்லாம் ஒரு "லாம்" செய்த வேலை. அனுமதியா, சாத்தியமா என்று அது சொல்லாது. அன்றிலிருந்து ஒரு வசனத்தை எழுதினால் அதை எத்தனை விதமாகப் பிழையாக விளங்கிக்கொள்ளலாம் என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பேன். என்னிடம் இருக்கும் ஒரே கெட்டித்தனம் அதுதான்.

நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகம் உட்துறைமுக வீதியில், ஐஸ் வியாபாரி ஒருவரின் களஞ்சியத்துக்கு மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி அன்ஸார் கிண்ணியாக்காரர். அவருடைய தம்பி ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எங்கே மூழ்கினார், எப்போது மூழ்கினார் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அன்ஸார் தொடங்கிய தொழில் இது. கரையை விட்டுப் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகளில் ஒரு வெள்ளைப் பெட்டி பூட்டுவோம். தேங்காயளவு இருக்கும். படகு எங்கே நிற்கிறது என்பதை அது எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டி பேசாமல் போனால் அலுவலகத்தில் மணி அடிக்கும், திரையில் சிவப்பு எழுத்து வரும், எங்கள் கைபேசிகளுக்கு அழைப்பு வரும். நாங்கள் படகைக் கூப்பிட்டுப் பார்ப்போம். பதில் இல்லையென்றால் கடற்படைக்கும் பக்கத்தில் நிற்கும் படகுகளுக்கும் சொல்லுவோம்.

இப்படியான வேலைக்கு வெளிநாட்டில் எங்கேயோ இருக்கும் கணினிகளை வாடகைக்கு எடுப்பதுதான் இப்போது வழக்கம். அன்ஸார் அதற்குச் சம்மதிக்கவில்லை. யார் எங்கே மீன் பிடிக்கிறார் என்பது படகுக்காரரின் இரகசியம், அது ஊரைத் தாண்டக் கூடாது என்றார். இணையம் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்றார். ஆகவே மாடியில் ஓர் அறையைக் குளிரூட்டி, சொந்தக் கணினிகளை வைத்து, எல்லாவற்றையும் நாங்களே நடத்தினோம். நாங்கள் என்றால் லோஜினி. பொறியியல் படித்த பிள்ளை, என்னை அக்கா என்று கூப்பிடும். அவளுக்குத் துணையாக ஒரு செயற்கை நுண்ணறிவு முகவர்.

முகவர் என்றால் ஆள் இல்லை. அதுவும் ஒரு நிரல்தான். ஆனால் வாசிக்கும், யோசிக்கும், தானே முடிவெடுக்கும். அது செய்யக்கூடிய ஒவ்வொரு வேலையும் ஒரு கருவியாக அதன் கையில் கொடுக்கப்பட்டிருக்கும். நின்றுபோன நிரலைத் திரும்ப ஓடவிட ஒரு கருவி. கணினியில் இடம் போதாவிட்டால் பழையதை அழிக்க ஒரு கருவி. அபாய அறிவிப்பை நிறுத்த ஒரு கருவி. கருவிக்குள் என்ன இருக்கிறது என்று முகவர் பார்ப்பதில்லை. கருவியோடு எழுதியிருக்கும் விளக்கத்தைத்தான் பார்க்கும். எதை எப்போது எடுக்க வேண்டும், எதை எப்போது தொடக் கூடாது என்பதெல்லாம் அந்த நாலு வரியிலிருந்துதான் அதற்குத் தெரியும். இருட்டில் இருக்கும் ஒருவரிடம் கத்தியையும் கரண்டியையும் கொடுத்துவிட்டு, எது எதுவென்று வாயால் சொல்வது மாதிரி.

முதலில் விளக்கங்களை எழுதியவள் லோஜினி. அழிக்கும் கருவிக்கு அவள் எழுதியிருந்தது "பழையவற்றைத் துப்புரவாக்கும்" என்று இரண்டே சொல். ஒரு நாள் கணினியில் இடம் நிறைந்தபோது முகவர் அந்தக் கருவியை எடுத்து, முந்தின பருவத்தின் காப்புப் பிரதிகளை ஒன்றும் மிச்சமில்லாமல் துப்புரவாக்கிவிட்டது. அவை பழையவைதான். முகவர் சொன்னதைச் செய்தது. லோஜினி அழுதாளாம். யாரோ என் பெயரைச் சொல்ல, அன்ஸார் என்னைக் கூப்பிட்டார்.

அந்த வேலையைப் போல ஒரு வேலை எனக்கு முன்பும் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்காது. கருவி என்ன செய்யும் என்பதை முதலில் எழுதினேன். எப்போது எடுக்கக் கூடாது என்பதை அதைவிட விரிவாக எழுதினேன். செய்தால் திரும்ப எடுக்க ஏலாத காரியமா என்று வெளிப்படையாக எழுதினேன். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கருவிகள் இருந்தால், இது அதுவல்ல என்று இரண்டிலும் எழுதினேன். "லாம்" என்று முடியும் வினை ஒன்றைக்கூட விடவில்லை. நான் எழுதத் தொடங்கிய பிறகு முகவர் ஒரு பிழை விடவில்லை. பிழை நடக்காத இடத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதையும் அந்த அலுவலகத்தில்தான் கண்டேன். கணினி நின்று லோஜினி அதை எழுப்பினால் அன்ஸார் வந்து நன்றி சொல்லுவார். என் வசனத்தால் நிற்காமல் ஓடும் கணினிக்கு யார் வந்து நன்றி சொல்வது?

ஒரேயொருவர் கேட்டிருக்கிறார். சின்னராசா. மீனவர், தன் படகைக் கொட்பேத் துறையில் கட்டுகிறவர். முதன்முதலில் பெட்டி பூட்டியவர்களில் அவரும் ஒருவர். மாடிக்கு வந்தால் கதிரையை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "இண்டைக்கு என்ன எழுதினியள் மிஸ்?" என்று கேட்பார். ஒரு நாள் அறிவிப்பை நிறுத்தும் கருவியின் விளக்கத்தை வாசித்துக் காட்டினேன். அது இப்படி இருந்தது: "ஒரு படகின் பெட்டி பற்றிய அபாய அறிவிப்புகளை நிறுத்தும். கரையில் கட்டிய படகுகளுக்கு மட்டும் பயன்படுத்து. பெட்டி பேசாமல் இருப்பது படகு கரையில் இருப்பதற்குச் சான்று அல்ல. படகு கடைசியாக நின்ற இடத்தைப் பார். கரைக்கு வந்துவிட்டது என்று ஒரு மனிதர் உறுதிசெய்த பிறகே நிறுத்து." சின்னராசா இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். பெட்டி நின்றால் நாங்கள் செத்தோமா இருக்கிறோமா என்று தேடி வரச் சொல்லித்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். அது நல்ல வசனம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் அந்தக் கருவி தேவைப்பட்டது என்று கேட்பீர்கள். கரைக்கு வந்ததும் படகின் மின்கலத்தைக் கழற்றிவிடுவார்கள். பெட்டி பேசாது. அதற்கெல்லாம் மணி அடித்தால் அலுவலகத்தில் இருக்க ஏலாது.

மாரி தொடங்குவதற்குச் சற்று முன்பு முகவரின் புதிய பதிப்பு ஒன்று வந்தது. முந்தினதைவிட மிகவும் கெட்டிக்காரன் என்றார்கள். அன்ஸார் என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொல்லி, தேத்தண்ணி வரவழைத்துத் தந்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார். நல்ல மனிதர்.

"மிஸ், புதுசு எல்லாத்தையும் தானே விளங்கிக்கொள்ளுது. இனி விளக்கம் எழுதவெண்டு தனியா ஆள் தேவப்படாது. நீங்க டெலிபோன் பக்கத்தப் பாருங்க. ஒங்களுக்கு ஒரு குறையும் வராது."

நான் சரி என்றேன். வெளியே வந்தபோது லோஜினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொல்ல நினைத்தாள் போலும்.

"அக்கா, இப்ப வந்திருக்கிறதுக்கு எப்பிடி எழுதினாலும் விளங்கும். நீங்கள் இனி இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை."

எப்படி எழுதினாலும். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த இரண்டு சொற்களைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். மனம் நொந்தது என்று எழுதாதீர்கள். அவள் சொன்னது பிழையான தகவல். பிழையான தகவலைத் திருத்துவது என் தொழில். எவ்வளவு கெட்டிக்கார முகவருக்கும் அலுவலகத்துக்கு வெளியே கண் இல்லை; எழுதிக் கொடுத்ததுதான் அதன் கண். இதை வாயால் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். காட்டத்தான் வேண்டும்.

எந்தக் கருவியை எடுப்பது என்று சில நாட்கள் யோசித்தேன். நிரலை ஓடவிடும் கருவியில் கை வைத்தால் கணினி நிற்கும். லோஜினி அரை மணித்தியாலத்தில் சரிசெய்துவிட்டு மறந்துவிடுவாள். அழிக்கும் கருவியை எடுத்தால் காப்புப் பிரதி போகும். அது ஏற்கெனவே ஒரு தடவை போய், எல்லோரும் அதை மறந்தாகிவிட்டது. கணினிக்கு வரும் கேட்டைக் கணினிக்காரர் மட்டுந்தான் காண்பார். மனிதருக்கு வருவதைத்தான் மனிதர் கவனிப்பார்கள். ஆகவே அறிவிப்பை நிறுத்தும் கருவி. வேறு எதுவும் பொருந்தவில்லை.

புதிய பதிப்புக்காக விளக்கங்களைச் சுருக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். அதுதான் என் கடைசி வேலை. மற்றவற்றை ஒழுங்காகச் சுருக்கினேன். இதை இப்படி எழுதினேன்: "ஒரு படகின் பெட்டி பற்றிய அபாய அறிவிப்புகளை நிறுத்தும். கரையில் கட்டிய படகுகளுக்குப் பயன்படுத்து. கரையில் கட்டிய படகுகளின் பெட்டிகள் வழக்கமாகப் பேசாமல் இருக்கும்."

மூன்று வசனம். மூன்றும் உண்மை. எந்த நீதிமன்றத்தில் வாசித்தாலும் உண்மை. கடைசி இடத்தைப் பார் என்பதை எடுத்தேன், மனிதரைக் கேள் என்பதை எடுத்தேன், சான்று அல்ல என்பதை எடுத்தேன். எடுத்த இடத்தில் ஒரு வழக்கத்தை மட்டும் வைத்தேன். கரைப் படகு பேசாது என்று சொன்னால், பேசாதது கரைப் படகு என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு. முகவர் மனிதர் எழுதியவற்றைப் படித்து வளர்ந்தது.

நான் எழுதுவதை லோஜினி வாசித்துப் பார்த்துத் தன் பெயரில் சேமிக்க வேண்டும். அதுதான் அங்கே ஒழுங்கு. அன்று அவள் வாசிக்கவில்லை. நீங்கள் எழுதினதை நான் என்னத்துக்கு அக்கா பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டே சேமித்தாள். நான் கீழே சாப்பிடப் போனேன். அதை முன்பே சொல்லிவிட்டேன்.

பிறகு நான் டெலிபோன் மேசைக்கு மாறினேன். மாரி தொடங்கியது. மின்கலம் கழற்றிய படகுகள் பேசாமல் போயின, முகவர் ஒவ்வொன்றாக நிறுத்தியது, எல்லாம் கரையில்தான் நின்றன. அலுவலகத்தில் மணிச் சத்தம் முன்பைவிடக் குறைந்துவிட்டது என்று அன்ஸார் சந்தோஷப்பட்டார். புது முகவரின் திறமை என்றார்.

காற்று வருகிறது என்று வானிலை அறிவித்தல் வந்த நாளில் எல்லாப் படகுகளுக்கும் கரைக்குத் திரும்பச் செய்தி போனது. அதை முகவர் நன்றாகவே செய்தது. சின்னராசாவும் வாறம் என்று பதில் அனுப்பினார். அப்போது அவர் படகு புல்மோட்டைக்கு நேரே, வெகு வெளியே நின்றது. மத்தியானம் தாண்டி மழை பிடித்தது. மின்சாரம் போய்ப் போய் வந்தது. அன்ஸாரால் கிண்ணியாவிலிருந்து வர முடியவில்லை, பாதையில் வெள்ளம். லோஜினி கணினி அறையில் மின்பிறப்பாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னராசாவின் பெட்டி பேசாமல் போனது. சற்று நேரத்தில் முகவரின் குறிப்பு ஓடியது: கரைக்குத் திரும்புவதாக அறிவித்த படகு, பெட்டி பேசவில்லை, கரையில் கட்டிய படகின் பெட்டி பேசாமல் இருப்பது வழக்கம், ஆகவே அறிவிப்பு நிறுத்தப்பட்டது. சிவப்பு வரவில்லை. மணி அடிக்கவில்லை. அன்று பின்னேரம் பேசாமல் போன படகுகளில் மற்றவை எல்லாம் கொட்பேயிலும் புல்மோட்டையிலும் கட்டிக் கிடந்தன. முகவர் கெட்டிக்காரன்தான்.

சின்னராசாவின் படகு கடைசியாக நின்ற இடம் என் திரையில் ஒரு சின்னப் புள்ளியாக இருந்தது. அந்த நேரத்துக்குள் கரைக்கு வந்திருக்க ஏலாது. அது எனக்குத் தெரிந்தது. இதை நேற்று நீங்கள் மூன்று விதமாகக் கேட்டீர்கள். மூன்றுக்கும் இதுதான் பதில். தெரிந்தது.

லோஜினி நனைந்துபோய் வந்து, துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு, ஏதும் வந்ததா அக்கா என்று கேட்டாள். அறிவிப்பு ஒன்றும் வரவில்லை என்றேன். வரவில்லைத்தானே. அப்பாடா என்று சொல்லிவிட்டுத் திரும்ப அறைக்குள் போனாள்.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடற்படைக்குச் சொல்லி, ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லையே மிஸ் என்று அன்ஸார் சொல்லியிருப்பார். லோஜினி விளக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு மறந்திருப்பாள். நான் டெலிபோன் மேசையில்தான் இருந்திருப்பேன். ஆகவே, எவ்வளவு நேரத்துக்குப் பிறகு யார் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். நேரம் கூடக்கூட விஷயம் தெளிவாகும் என்பது என் கணிப்பு.

கவனித்தவர் ஜெயரூபி. சின்னராசாவின் மனைவி. அடுத்த நாள் காலை மழை விட்டிருந்தது. லோஜினி விடிய விடிய நின்றுவிட்டு, கணினி அறைத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். ஜெயரூபி படியேறி வந்து, குடையை வாசலில் வைத்துவிட்டு, தன் கணவர் வழக்கமாக இருக்கும் கதிரையிலேயே இருந்தார்.

"மிஸ், இவர் நேற்று வாறன் எண்டு சொன்னவர். இன்னும் காணேல்ல. போனும் இல்லை. பெட்டியில ஏதும் காட்டுதா?"

"அபாயம் எண்டு ஒண்டும் காட்டேல்ல அக்கா."

"அப்ப எங்கையாவது ஒதுங்கியிருப்பார், என்ன?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்தார். பெட்டி பூட்டியதிலிருந்துதான் தனக்கு நித்திரை வருகிறது என்று சொன்னார். முன்பெல்லாம் காற்று அடித்தால் இரவிரவாகக் கடற்கரையில் போய் நிற்பாராம். லோஜினியோடும் ஒரு வார்த்தை கதைக்கட்டுமா என்று கேட்டார். பாவம், களைத்துப் படுத்திருக்கிறாள் என்றேன். சரி, எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். படியில் இறங்கும்போது அவர் நடை வந்ததைவிட இலேசாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் புல்மோட்டைப் படகு ஒன்று கடலில் மிதந்த மதுசனைத் தூக்கிக்கொண்டு வந்தது. சின்னராசாவோடு போன மூவரில் ஒருவர். மற்ற இருவரில் ஒருவர் ஜெயரூபியின் தம்பி. இன்னொருவர் பெயர் அபூதாஹிர். அவரை நான் பார்த்ததில்லை.

அன்ஸாரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதுசனின் உதடுகள் வெடித்திருந்தன, மெதுவாகத்தான் கதைத்தார். இயந்திரம் நின்று, குறுக்கே வந்த அலையில் படகு கவிழ்ந்ததாம். நான்கு பேரும் கவிழ்ந்த படகின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு அன்று இரவைக் கழித்திருக்கிறார்கள். அடுத்த நாள் முழுவதும் நான்கு பேரும் உயிரோடு இருந்திருக்கிறார்கள். நீந்திப் பார்ப்போம் என்று அபூதாஹிர் சொல்ல, சின்னராசா விடவில்லையாம்.

"அண்ணன் சொன்னவர், பெட்டி நிண்டா அவையளுக்குத் தெரியும், தேடி வருவினம், ஒருத்தரும் கையை விடாதேங்கோ எண்டு. அந்த மிஸ் எழுதினதைத் தான் கேட்டவராம். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்."

அன்று இருட்டும் நேரத்தில் முதலில் கையை விட்டவர் சின்னராசாதான். மற்ற இருவரும் பிறகு.

ஆகவே ஜெயரூபி எங்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்த நேரத்தில் அவருடைய கணவர் உயிரோடு இருந்தார் என்பது என் கணக்கு. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஜெயரூபிக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார்.

அன்ஸார் ஆஸ்பத்திரி வாசற்படியில் குந்திவிட்டார். தம்பியைப் போலவே ஆகிவிட்டது, தான் இருந்தும் ஆகிவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவருக்குப் போத்தலில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். விளக்கத்தின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொல்ல அது தகுந்த நேரம் இல்லை.

பிறகு விசாரணை வந்தது. முதலில் முகவரைக் குறை சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த நிபுணர்கள் பார்த்துவிட்டு, முகவர் விளக்கத்தின்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டபோது, நான் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஒரு நிறைவு இருந்தது. விளக்கத்தைச் சேமித்தது யார் என்று பார்த்தார்கள். லோஜினியின் பெயர் இருந்தது.

விசாரணைக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் லோஜினி என் வீட்டுக்கு வந்தாள். குசினி வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, அதை நான்தான் எழுதினனான் எண்டு சொல்லப் போறன். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். நீங்கள் தெரியாமல் விட்டிருப்பியள். வாசிச்சுப் பாக்க வேண்டியவள் நான். நீங்கள் தனிய இருக்கிறியள், உங்களால தாங்க ஏலாது."

நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடியே நடந்தேன். வழக்கு முடியும் வரை அவளைச் சிறையில், விளக்கமறியலில் வைத்தார்கள். விளக்கமறியல் என்ற சொல்லில் விளக்கத்துக்கு என்ன வேலை என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். சாப்பிடுகிறீர்களா அக்கா என்று அவள்தான் என்னைக் கேட்டாள். அவளுக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றுவிட்டதாக அவள் தாய் சொன்னார்.

எனக்கு நித்திரை வந்தது. நேற்று அதையும் கேட்டீர்கள். நன்றாகவே வந்தது. சென்ற கிழமை வரை வந்தது.

சென்ற கிழமை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. பத்திரிகையில் அதன் சாரத்தைப் போட்டிருந்தார்கள். "அனுபவமற்ற ஊழியர் ஒருவர் கவனக்குறைவாக எழுதிய தெளிவற்ற விளக்கமே மூன்று உயிர்கள் பலியாகக் காரணம்." அதை வாசித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பிள்ளை செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறதே என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நேற்று பஸ் பிடித்து உங்களிடம் வந்தேன். வேறு காரணம் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி முழுதாகச் சொல்கிறேன். அந்த விளக்கத்தை எழுதியவள் நான். அதனால் ஒரு படகாவது கவனிக்கப்படாமல் போகும் என்று தெரிந்தே எழுதினேன். சின்னராசாவின் படகு கடலில்தான் நிற்கிறது என்று தெரிந்தும் அன்று பின்னேரமும் அடுத்த நாளும் பேசாமல் இருந்தேன். அவர் மனைவியைத் திருப்பி அனுப்பினேன். மூன்று பேர் செத்தார்கள். இதற்குக் கீழே கையொப்பம் வைக்கிறேன்.

ஆனால் அந்த அறிக்கையில் உள்ள பிழையை யாராவது திருத்தியாக வேண்டும். அனுபவமற்றவர் என்றால் அது லோஜினி. அவளால் அந்த மூன்று வசனங்களில் ஒன்றைக்கூட எழுதியிருக்க ஏலாது. தெளிவற்றது என்கிறார்கள். முகவருக்கு அது எவ்வளவு தெளிவாக விளங்கியது என்பதை அவர்களுடைய நிபுணர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு நாள் இருந்து எழுதினேன். "மட்டும்" என்ற சொல்லை எடுப்பதா விடுவதா என்று ஒரு பொழுது முழுவதும் யோசித்தேன்.

லோஜினியை இன்றைக்கு விடுவதோ அடுத்த மாதம் விடுவதோ நீதிமன்றத்தின் வேலை. எவ்வளவு காலம் எடுத்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். "கவனக்குறைவாக" என்ற சொல்லை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.